நீர்யானைக்குத் திமிங்கிலம் சொந்தம் என்று எப்படித் தெரிந்தது?

கேள்வி இதுதான்: "வண்டலூரில் நீர்யானையைக் காட்டி, இதுக்கு நெருங்கிய சொந்தம் எது தெரியுமா என்று என் மகள் கேட்டாள். பன்றி என்றேன். இல்லப்பா, திமிங்கிலம் என்றாள். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்ததை யாரும் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. பிறகு எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? ஊகம்தானே?"

பன்றி என்று சொன்னதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. நான் படித்த காலத்தில் புத்தகமே அப்படித்தான் சொன்னது. சென்னையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராகச் சேர்ந்த பிறகு சில ஆண்டுகள் நானும் அதையே பாடமாக நடத்தினேன். பல்லைப் பார்த்தால் பன்றி, உடம்பைப் பார்த்தால் பன்றி; வேறென்ன வேண்டும் என்று நினைத்தோம். அந்த நினைப்பில்தான் கோளாறு.

கிண்டி தேசியப் பூங்காவிலும் அதை ஒட்டிய ஐஐடி வளாகத்திலும் இரண்டு வகை மான்கள் உண்டு: புள்ளிமான், வெளிமான். இரண்டையும் மான் என்கிறோம். இரண்டும் புல் மேய்கின்றன, அசை போடுகின்றன, ஆளைக் கண்டால் துள்ளி ஓடுகின்றன. ஆனால் வெளிமானுக்கு நெருங்கிய உறவு ஆடும் மாடும்தான். புள்ளிமான் அதற்குத் தூரத்துச் சொந்தம். கொம்பைப் பாருங்கள். ஆண் புள்ளிமானின் கொம்பு கிளை விடும், முழுக்க எலும்பு, ஆண்டுக்கு ஒருமுறை விழுந்து புதிதாக முளைக்கும். வெளிமானின் கொம்பு முறுக்கிக்கொண்டு நீளும், கிளை விடாது, ஆயுளுக்கும் விழாது. உள்ளே எலும்பு, மேலே நம் நகம் போன்ற பொருளால் ஆன உறை. மாட்டுக் கொம்பும் ஆட்டுக் கொம்பும் அதே கட்டுமானம்தான். சங்கப் புலவர்கள் இந்த முறுக்குக் கொம்புக்காரனை இரலை என்று தனியாகப் பிரித்துத்தான் சொன்னார்கள். நாம்தான் எல்லாவற்றையும் மான் ஆக்கிவிட்டோம்.

சரி, கொம்பை நம்பலாம், உடல்வாகை நம்பக் கூடாது என்று யார் சொன்னது? எந்த ஒற்றுமை உறவைக் காட்டும், எது காட்டாது? இதற்கு நான் வகுப்பில் எப்போதும் ஓலைச்சுவடியில் இருந்துதான் தொடங்குவேன்.

பெசன்ட் நகரில் உ.வே.சா. பெயரில் ஒரு நூலகம் இருக்கிறது. அங்கே உள்ள ஏட்டுக் கட்டுகளைப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஓலை என்றைக்கும் இருக்காது. சில நூறு ஆண்டுகளில் செல்லரித்துவிடும். அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது உட்கார்ந்து படியெடுத்தார்கள். படியெடுத்தவர் பிழை விட்டார். அந்தப் படியைப் பார்த்து எழுதியவர் பழைய பிழையையும் சேர்த்து எழுதிவிட்டு, தன் பங்குக்குப் புதிதாக ஒன்றும் விட்டார். பதிப்பாசிரியர் கைக்கு வரும்போது மூல ஏடு போயே போய்விட்டது. ஊருக்கு ஊர் பாடபேதத்தோடு படிகள் மட்டும் மிச்சம்.

ஒரு வரியை வைத்துப் பார்ப்போம். எளிமைக்காக நானே எழுதியது. நான்கு ஊர்களில் நான்கு ஏடுகள் கிடைக்கின்றன.

முதல் ஏடு: ஏரி நிறைந்தது ஊர் செழித்தது
இரண்டாம் ஏடு: ஏரி நிறைந்தது ஊர் கொழித்தது
மூன்றாம் ஏடு: ஏரி நிறைந்தது கார் கொழித்தது
நான்காம் ஏடு: ஏறி நிறைந்தது ஊர் செழித்தது

எந்த இரண்டு ஏடு ஒரே படியில் இருந்து பிறந்தவை? இரண்டிலும் மூன்றிலும் "கொழித்தது" என்று இருக்கிறது, எனவே அவை உடன்பிறப்பு என்பீர்கள். அப்படியானால் ஒன்றிலும் நான்கிலும் "செழித்தது" என்று இருக்கிறதே, அவையும் உடன்பிறப்பா? இங்கேதான் மாணவர்கள் தடுக்கி விழுவார்கள். மூலத்திலேயே "செழித்தது" என்றுதான் இருந்தது என்றால், அதை அப்படியே காப்பாற்றிய இரண்டு ஏடுகளுக்கு இடையே தனி உறவு எதுவும் நிரூபணம் ஆகாது. மாறாமல் இருப்பது யாருக்கும் பொது. மாறியதைப் பகிர்ந்துகொள்வதுதான் சாட்சி.

மூலத்தில் எது இருந்தது என்று எப்படித் தெரியும்? மூலம்தான் போய்விட்டதே. அதற்கும் வழி உண்டு. வேறொரு நூலின் உரையாசிரியர் இந்த வரியை மேற்கோளாக எடுத்து எழுதியிருப்பார். அவர் பார்த்த ஏடு இந்த நான்கும் கிளைப்பதற்கு முன்பே பிரிந்து போனது. அதில் "செழித்தது" என்று இருந்தால், கொழித்ததுதான் பின்னால் நுழைந்தது. உயிரியலில் இந்த உரையாசிரியர் வேலையைச் செய்யும் உயிரினத்துக்குப் புறக்குழு என்று பெயர். ஆடு, மாடு, மான் பற்றிப் பேசும்போது குதிரையைப் புறக்குழுவாக வைப்பார்கள். அவற்றுக்கு உறவுதான், ஆனால் வெளியே இருந்து பார்க்கும் உறவு.

புதிதாக வந்ததைப் பகிர்ந்துகொண்டால்தான் உறவு என்ற இந்த விதியை முறையாக எழுதிவைத்தவர் வில்லி ஹென்னிக் என்ற ஜெர்மன் பூச்சியியலாளர். 1950இல் ஜெர்மன் மொழியில் எழுதினார். 1966இல் ஆங்கிலத்தில் வந்த பிறகுதான் உலகம் கவனித்தது. இந்த விதிப்படி பார்த்தால் மீன் என்று ஒரு தனி வம்சமே கிடையாது. காசிமேட்டில் கூடையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் சுறாவையும் வஞ்சிரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வஞ்சிரத்துக்குச் சுறாவைவிட அதை விலை பேசிக்கொண்டிருக்கும் நீங்கள்தான் நெருங்கிய சொந்தம்.

இன்னொரு சிக்கலையும் ஏட்டிலேயே காட்டிவிடுகிறேன். நான்காம் ஏட்டில் "ஏறி" என்று இருக்கிறது. ரகரமும் றகரமும் மாறுவது யார் கைக்கும் வரும் பிழை. வேறொரு ஊரில், இந்த ஏட்டைக் கண்ணால் பார்க்காத ஒருவரும் அதையே எழுதியிருக்கலாம். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், குறில் எகரத்துக்கும் நெடிலுக்கும் வேறுபாடு இருக்காது. அந்த இடங்களில் எல்லாரும் சறுக்குவார்கள். எனவே எளிதில் நேரும் ஒற்றுமைக்கு மதிப்புக் குறைவு.

உயிர்களில் இந்த வகைச் சறுக்கலுக்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு கள்ளி. சதுரக்கள்ளி, சப்பாத்திக்கள்ளி இரண்டும் சதைப்பிடிப்பான தண்டு, முள், இலை என்று பெயருக்குக்கூட இல்லாத உடம்பு. வெயிலும் வறட்சியும் இரண்டு வெவ்வேறு குடும்பங்களைத் தனித்தனியே ஒரே வடிவத்துக்குத் தள்ளியிருக்கின்றன. சதுரக்கள்ளியைக் கீறினால் பால் வடியும்; அது ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் மரம் ஆகியவற்றின் குடும்பம். சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தது, பால் கிடையாது. அதன் நெருங்கிய உறவு எது தெரியுமா? நம் ஊர்ப் பருப்புக்கீரை. நம்பக் கஷ்டமாக இருந்தால் சப்பாத்திக்கள்ளிப் பழத்தைச் சாப்பிட்டுவிட்டு நாக்கைப் பாருங்கள். அந்தச் சிவப்பு, செம்பருத்தியிலும் கத்தரிக்காய்த் தோலிலும் இருக்கும் நிறப்பொருள் அல்ல. பெட்டாலைன் என்ற வேறொரு வேதிப்பொருள். பூக்கும் தாவரங்களில் ஒரே ஒரு பெரிய கிளையில்தான் அது உண்டு. பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை, காம்பவுண்டுச் சுவரில் பூக்கும் காகிதப்பூ, சப்பாத்திக்கள்ளி எல்லாம் அந்தக் கிளை.

பால் வடிவதை வைத்தும் ஏமாறக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆல், அரசு, அத்தி, பலா நான்கிலும் பால் வடியும், நான்கும் ஒரே குடும்பம். எருக்கிலும் வடியும், அது வேறு குடும்பம்.

இனி நீர்யானை. படியெடுப்பதில் எந்தப் பிழை இரண்டு பேர் தனித்தனியே செய்யவே முடியாதது? ஒருவர் பாட்டின் நடுவே, சம்பந்தமே இல்லாத ஒரு துண்டை, வீட்டுக் கணக்கு மாதிரி ஏதோ ஒன்றை, தவறுதலாகச் சேர்த்து எழுதிவிட்டார் என்று வையுங்கள். இரண்டு ஏடுகளில், அதே பாட்டில், அதே சீருக்கும் அடுத்த சீருக்கும் நடுவே, அதே வீட்டுக் கணக்கு இருந்தால்? இரண்டும் ஒரே தாய் ஏட்டின் பிள்ளைகள். விவாதம் முடிந்தது.

டிஎன்ஏவில் அப்படிப்பட்ட துண்டுகள் உண்மையிலேயே உண்டு. சில நூறு எழுத்து நீளமுள்ள அவை, தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டு டிஎன்ஏவில் எங்காவது ஓரிடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும். பாலூட்டிகளின் டிஎன்ஏ முந்நூறு கோடி எழுத்து அளவுக்கு நீளம். இரண்டு இனங்களில் தற்செயலாக அதே இடத்தில் அதே துண்டு செருகுவது கிட்டத்தட்ட நடக்காது. செருகியது சுவடே தெரியாமல் கழன்று போவதும் அரிது. இன்னொரு வசதியும் உண்டு: துண்டு இல்லாததுதான் பழைய நிலை, இருப்பதுதான் புதியது. எது மூலம் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

டோக்கியோவில் நொரிஹிரோ ஒகாடாவின் குழு 1990களில் இதைத்தான் தேடியது. சில துண்டுகள் திமிங்கிலத்திலும் நீர்யானையிலும் அதே இடத்தில் இருந்தன. மாட்டிலும் மானிலும் இல்லை, பன்றியிலும் இல்லை. வேறு சில துண்டுகள் திமிங்கிலம், நீர்யானை, மாடு, மான் எல்லாவற்றிலும் இருந்தன. பன்றியிலும் ஒட்டகத்திலும் இல்லை. 1999இல் கட்டுரை வந்தது. அதாவது திமிங்கிலத்துக்கு நீர்யானை உடன்பிறப்பு, மாடு ஒன்றுவிட்ட உறவு, பன்றி அதற்கும் தள்ளி. நீர்யானைக்குப் பன்றியைவிடப் பசு நெருக்கம் என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது. இதையும் மகளிடம் சொல்லுங்கள், அடுத்த சுற்றில் நீங்கள் ஜெயிக்கலாம்.

ஆனால் எலும்பாளர்கள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது: மாடு, மான், பன்றி, நீர்யானை எல்லாவற்றுக்கும் பின்னங்காலின் கணு மூட்டில் ஒரு விசித்திரமான சிறு எலும்பு உண்டு. திமிங்கிலத்துக்குப் பின்னங்காலே இல்லை, எதை வைத்து ஒப்பிடுவது? அந்த எலும்பை நீங்களே பார்க்கலாம். கறிக்கடையில் ஆட்டின் பின்னங்காலைக் கணு மூட்டோடு சேர்த்துக் கேட்டு வாங்கி, வேகவைத்துச் சதையை எடுத்துவிட்டால் ஒரு பெரிய புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிதாக ஒன்று கையில் கிடைக்கும். அதன் மேல்முனையில் கிணற்று ராட்டினம் போல நடுவில் பள்ளம். கீழ்முனையிலும் அதே போல இன்னொரு ராட்டினம். மற்ற பாலூட்டிகளுக்கு ராட்டினம் மேலே மட்டும்தான். இரட்டைக் குளம்புக்காரர்களின் குடும்ப முத்திரை இது. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் வாங்கிய ஒரு ஆட்டு எலும்பு என் மேசை இழுப்பறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. வகுப்பில் சுற்றி வராத ஆண்டு இல்லை.

2001இல் பாகிஸ்தானில் கிடைத்த புதைபடிவங்களைப் பற்றி இரண்டு குழுக்கள் தனித்தனியே எழுதின. சுமார் ஐந்து கோடி ஆண்டுக்கு முந்தைய, இன்னும் பின்னங்கால் இருந்த திமிங்கிலங்கள் அவை. கணுவில் அதே இரட்டை ராட்டினம். டிஎன்ஏ சொன்னதை அதைப் பார்க்காத கல் ஒன்று வழிமொழிந்தது.

இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. ஏ. ரங்க ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் காஷ்மீர்ப் பக்கம் காலாகோட்டில் சேகரித்த படிவங்களில் ஒன்றுக்கு 1971இல் இந்தோஹியஸ் என்று பெயரிட்டார். இந்தியப் பன்றி என்று பொருள். பாருங்கள், மறுபடியும் பன்றி! அவர் கொண்டுவந்த பாறைகள் பல உடைக்கப்படாமலே இருந்தன. அவர் காலத்துக்குப் பின் அவர் மனைவி அவற்றை ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். உள்ளே இருந்த மண்டையோட்டின் காதெலும்பின் ஒரு பக்கம் தடித்திருந்தது. அப்படித் தடித்த காதெலும்பு திமிங்கில வம்சத்தின் அடையாளம். 2007இல் செய்தி வந்தது: பூனை அளவிலான, மெல்லிய காலோடு நடந்த இந்தக் குளம்புப் பிராணி திமிங்கிலங்களுக்கு மிக நெருங்கிய உறவு. நீரில் பாதி வாழ்ந்த பிராணி என்று எலும்பின் கனம் காட்டியது.

நேரம் கிடைத்தால் மகளை எழும்பூர் மியூசியத்துக்கு அழைத்துப் போங்கள். பழைய சென்னைக்காரர்கள் அதைச் செத்த காலேஜ் என்பார்கள். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். உயிர் காலேஜில் எழுந்த கேள்விக்குச் செத்த காலேஜில் பதில் இருக்கிறது. அங்கே உள்ள திமிங்கில எலும்புக்கூட்டின் துடுப்பைப் பாருங்கள். மேலே ஒற்றை எலும்பு, அடுத்து இரட்டை, அப்புறம் விரல்கள். துடுப்புக்குள் ஒரு கை.

நம்மிடமே உள்ள ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். ஆடு, நாய், மாடு எதுவும் எலுமிச்சை சாப்பிட வேண்டியதில்லை. வைட்டமின் சியை அவற்றின் உடம்பே செய்துகொள்ளும். நமக்கும் அதைச் செய்யும் மரபணு இருக்கிறது, ஆனால் உடைந்து கிடக்கிறது. சிம்பன்சியிலும் உடைந்திருக்கிறது, கோயிலில் தேங்காய் பிடுங்கும் குரங்கிலும் உடைந்திருக்கிறது. ஆனால் திண்டுக்கல், கரூர்ப் பக்கத்துக் காட்டில் வாழும் தேவாங்கின் வம்சத்தில் அது ஒழுங்காக வேலை செய்கிறது. தேவாங்கு கிளை பிரிந்துபோன பிறகுதான் நம் பக்கத்து ஏட்டில் அந்தப் பக்கம் சிதைந்தது. கினிப் பன்றிக்கும் இதே மரபணு கெட்டுப்போயிருக்கிறது, ஆனால் வேறு இடங்களில் வேறு விதமாக. அது தனிப் பிழை, அதனால் அது நமக்குத் தனிச் சொந்தம் ஆகாது. நாம் நெல்லிக்காய் தின்பதற்குக் காரணம் இந்த ஏட்டுப் பிழை.

எல்லா இடத்திலும் இப்படிப் பளிச்சென்ற சாட்சி கிடைக்காது. பெரும்பாலும் ஆயிரக்கணக்கான ரகர றகரப் பிழைகளைத்தான் கணினியில் கொட்டிப் பார்க்க வேண்டும். பத்து இனங்களை இரண்டிரண்டாகக் கிளைக்கும் மரமாக அடுக்க 3,44,59,425 வழிகள் உண்டு. இருபது இனம் என்றால் எண்ணிக்கைக்கு 22 இலக்கம். எல்லாவற்றையும் சோதிக்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. தேர்ந்தெடுத்துத் தேடி, எந்த மரம் கையிலுள்ள எழுத்துகளை அதிகப் பொருத்தமாக விளக்குகிறது என்று நிகழ்தகவில் கணக்கிடுவார்கள். கிடைத்த மரம் எவ்வளவு திடம் என்று பார்க்க ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் 1985இல் ஒரு தந்திரம் சொன்னார். ஏட்டின் வரிகளைச் சீட்டுக் குலுக்குவது போல எடுக்க வேண்டும்; எடுத்த சீட்டை மறுபடி உள்ளே போட்டுவிட வேண்டும். இப்படிக் கலந்த புது ஏட்டில் இருந்து மரத்தை மறுபடி கட்ட வேண்டும். ஆயிரம் தடவை செய்தால், ஒரு கிளை எத்தனை தடவை திரும்ப வருகிறதோ அதுதான் அதன் பலம். தொள்ளாயிரத்துச் சொச்சம் வந்தால் நம்பலாம், ஐந்நூறு வந்தால் வாயை மூடிக்கொண்டு இன்னும் தரவு தேட வேண்டும்.

கணினி சொல்வதையும் அப்படியே விழுங்கக் கூடாது. நான் ஒருமுறை தவளைத் தசையில் இருந்து எடுத்த டிஎன்ஏவை ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வந்த எழுத்துகளை மரத்தில் போட்டால் என் தவளை, சிம்பன்சிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கண்டுபிடிப்பெல்லாம் இல்லை. கையுறை போடாமல் யாரோ தொட்டிருக்கிறார்கள், அந்த யாரோ நானாகவும் இருக்கலாம். மரம் தவறு செய்யவில்லை. யாருடைய எழுத்தைக் கொடுத்தேனோ அவரைச் சரியான இடத்தில்தான் வைத்தது.

"ஊகம்தானே" என்று கேட்டீர்கள். ஊகம்தான், ஆனால் மறுத்துப் பார்க்கக்கூடிய ஊகம். நாளைக்கே நீர்யானைக்கும் பன்றிக்கும் மட்டும் பொதுவான செருகல்கள் நிறையக் கிடைத்தால் நான் மேலே எழுதியதெல்லாம் குப்பைக்குப் போகும். இத்தனை இனங்களின் முழு டிஎன்ஏவையும் படித்த பிறகும் அப்படி நடக்கவில்லை. அதே சமயம், இன்னும் அடிதடி நடக்கும் இடங்களும் உண்டு. பாக்டீரியாக்கள் பக்கத்தில் இருப்பவரிடமே மரபணுவைக் கடன் வாங்கிக்கொள்ளும். இரண்டு ஊர் ஏட்டைப் பக்கத்தில் வைத்து ஒரு படி எழுதியது மாதிரி. அங்கே மரம் என்ற படமே வலையாகிவிடுகிறது.

விலங்குகளின் அடிமரத்தில் முதலில் பிரிந்தது எது என்பதும் அப்படித்தான். கடற்பஞ்சா, அல்லது சீப்புப் பல் போன்ற மயிர் வரிசையால் நீந்தும், கண்ணாடி போன்ற டினோஃபோரா? எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு இருபது ஆண்டு ஆகப்போகிறது, ஒரு முடிவுக்கு வரவில்லை. 2023இல் ஒரு குழு எழுத்தை விட்டுவிட்டு ஏட்டுக் கட்டைப் பார்த்தது: எந்த மரபணு எந்தக் குரோமோசோமில், எதோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது என்று. கடற்பஞ்சிலும் மற்ற விலங்குகளிலும் சில கட்டுகள் ஒரே மாதிரி கலந்துபோயிருந்தன. டினோஃபோரில் கலக்காமல் பழையபடியே இருந்தன, விலங்கல்லாத ஒற்றைச் செல் உறவினரில் இருப்பது போல. உரையாசிரியர் யார் பக்கம் பேசுகிறார் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். கடற்பஞ்சுக் கட்சிக்காரர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.